தெரிந்தும் சொல்லாத பதினான்கு மாதங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் இருவர். ஒருவர் ஊட்டச்சத்தியலில் முதுகலை முடித்து, உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் முப்பது வயதுப் பெண், என்னிடம் படித்தவர். மற்றவர் அவருடைய அத்தை, அப்பாவின் அக்கா, வயது 58. அத்தையின் உடம்பில் பி12 என்ற வைட்டமின் தீர்ந்துகொண்டு வருகிறது என்பதற்கான தடயங்கள் எல்லாமே தம்பி மகளின் கண்ணில் பட்டன. பட்ட பிறகு வாயைத் திறந்து சொல்ல அவருக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. "படிச்ச மேதாவித்தனத்தைக் காட்டுறான்னு நெனச்சிடுவாங்க மேடம்" என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன காரணம்.

இருவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். ஊட்டச்சத்து படித்த பலர் இதே இடத்தில் நின்று தயங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் அந்தத் தயக்கத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று இவ்வளவு தெளிவாகத் தெரியவரும் சந்தர்ப்பம் அபூர்வம்.

மாத்திரைப் பெட்டி

அத்தைக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், பன்னிரண்டு ஆண்டுகளாக. அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை, காலையில் 1000 மி.கி., இரவில் 1000 மி.கி. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் இறைச்சி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டார். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று அதையும் படிப்படியாக நிறுத்தினார். நெஞ்செரிச்சலுக்காக வேறொரு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒமெப்ரசோல் மாத்திரையை, எழுதிய காலக்கெடு முடிந்த பிறகும் விடாமல் சாப்பிட்டுவந்தார். இவை போதாதென்று, "ரத்தம் ஊறும், உடம்பு தெம்பாகும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு 5 மி.கி. ஃபோலிக் அமில மாத்திரையையும் தினமும் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் இரவு அத்தை வீட்டில் தங்கிய தம்பி மகள், தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் போனபோது அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறார். நான்கு அறை கொண்ட பிளாஸ்டிக் பெட்டி. பார்த்த கணத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருக்க முடியாது, ஏனென்றால் இது பாடத்தில் வருகிற கேள்வி.

பி12 வைட்டமினைத் தாவரங்கள் உண்டாக்குவதில்லை. சில நுண்ணுயிரிகள்தான் உண்டாக்குகின்றன. நமக்கு அது வந்து சேர்வது இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக. அந்த உணவுகளில் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். ஒமெப்ரசோல் அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. பிரிந்த பி12, இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட வேண்டும். மெட்ஃபார்மின் குறுக்கிடுவது இந்த இடத்தில். 390 நோயாளிகளை நான்கு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் பி12 அளவு, ஒப்பீட்டுக்காகக் கொடுத்த மருந்தில்லாத மாத்திரையை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், சராசரியாக 19 சதவீதம் இறங்கியிருந்தது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல், மெட்ஃபார்மின் எடுப்பவர்களிடம் பி12 குறைபாடு பரவலாகக் காணப்படும் பக்கவிளைவுதான் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

ஆக, வரவு நின்றுவிட்டது. கொஞ்சநஞ்சம் வந்தாலும் பிரிவதில்லை, பிரிந்தாலும் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. இருந்தும் ஏன் உடனே தெரியவில்லை? ஒரு நாளைக்கு நமக்குத் தேவைப்படுவது 2.4 மைக்ரோகிராம்தான். கல்லீரலிலும் மற்ற திசுக்களிலும் சில மில்லிகிராம் சேமிப்பு இருக்கும். அது கரையப் பல ஆண்டுகள் ஆகும். அத்தை அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டார்.

ஃபோலிக் அமிலத்தின் கதை இன்னும் மோசம். பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பெருத்து ரத்தசோகை வரும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே மருத்துவர் கண்ணில் படுகிற எச்சரிக்கை அது. ஃபோலிக் அமிலத்தை அதிகமாகக் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல ஆகிவிடும்; நரம்பு தேய்வது மட்டும் நிற்காது. 1940களில் ஃபோலிக் அமிலம் செயற்கையாகக் கிடைத்தபோது அதைக் கொண்டு இந்த ரத்தசோகைக்கு மருத்துவம் பார்த்து, ரத்தம் தேறிய நோயாளிகளுக்கு நரம்பு கெட்டுப்போவதை மருத்துவர்கள் நேரிலேயே கண்டார்கள். அதனால்தான் பெரியவர்களுக்கு மாத்திரை, செறிவூட்டிய உணவு வழியாக ஒரு நாளைக்கு 1 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்காவில் 1998இல் உச்சவரம்பு வைத்தார்கள். அத்தை போட்டுக்கொண்டிருந்தது அதைப்போல ஐந்து மடங்கு.

தம்பி மகள் பெட்டியை மூடி வைத்துவிட்டுத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். "நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு மேடம். ஆனா அத்தை முகத்தப் பாத்ததும் சொல்லத் தோணல" என்றார் பிறகு என்னிடம்.

தயக்கம் எங்கிருந்து வந்தது

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு நடந்த ஒன்று. குடும்பத்தில் எல்லோரும் கூடியிருந்த ஒரு நாள், அவருடைய சித்தப்பா, "சக்கரை போடல, பழம் மட்டும்தான், உடம்புக்கு நல்லது" என்று சொல்லிப் பெரிய குவளை நிறையப் பழச்சாறு குடித்தார். இவர், "சித்தப்பா, அதுவும் சக்கரைத் தண்ணிதான்" என்றார். தகவல் சரி. உலக சுகாதார அமைப்பின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. சித்தப்பா குவளையைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு எழுத்து படிச்சிட்டா போதும், பெரியவங்க சின்னவங்கன்னு இல்ல, எல்லாருக்கும் பாடம் எடுக்க வந்துடறது. படிச்ச திமிரு" என்றார். பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள். இவருடைய அம்மாவும் சிரித்தார்.

அன்றிலிருந்து குடும்பத்தில் யார் எதைச் சாப்பிட்டாலும் இவர் வாயைத் திறப்பதில்லை. யாராவது, "நீதான் படிச்சிருக்கியே, இது சாப்பிடலாமா?" என்று கேட்டால்கூட, "கொஞ்சமா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று மழுப்பிவிடுவார்.

அந்தச் சம்பவத்தை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். சித்தப்பா பேசியது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஒரு சின்னப் பெண்ணை நாலு பேர் முன்னால் அப்படிக் கூசவைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் எதிர்த்தது தகவலை அல்ல. அவர் பெருமையாகச் செய்துகொண்டிருந்த ஒன்றுக்கு, அவரைவிட இளையவர், எல்லோர் முன்னாலும் ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார். தன் விருப்பத்தில் யாரோ கைவைக்கிறார்கள் என்று தோன்றிவிட்டால், மனிதன் அதற்கு நேர்மாறாக நடக்கத் துடிப்பான் என்று ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இலேயே விளக்கியிருக்கிறார். இரண்டு பேர் மட்டும் இருந்த இடத்தில், இன்னொரு நாள், இன்னொரு விதத்தில் அதே தகவல் வந்திருந்தால் அதே சித்தப்பா "அப்படியா?" என்று கேட்டிருக்கவும் கூடும். அதைவிட முக்கியம், அன்று அதைச் சொல்லியே ஆகவேண்டிய அவசரமும் இல்லை. ஒரு குவளைச் சாறு யாருடைய நரம்பையும் அரிக்கப்போவதில்லை.

இந்தப் பெண் அந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் "கூட்டத்தில் சொல்லாதே" என்றோ "தீர்ப்பாகச் சொல்லாதே" என்றோ இருந்திருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டது "சொல்லவே சொல்லாதே" என்பது. பழச்சாறுக்கும் மாத்திரைப் பெட்டிக்கும் ஒரே பூட்டு போட்டுவிட்டார்.

நான்கு தருணங்கள்

பெட்டியைப் பார்ப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு விருந்தில் அத்தை இனிப்பை இரண்டாம் முறை எடுத்துப் போட்டுக்கொண்டார். தம்பி மகள் பார்த்தும் பேசவில்லை. அது சரிதான். அத்தைக்குத் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியும், இனிப்பு ஏற்றிவிடும் என்பதும் தெரியும். தெரிந்ததையே தட்டுக்கு நேராக நின்று சொல்வது காவல் காப்பது ஆகிவிடும், அதில் எந்த அறிவும் பகிரப்படுவதில்லை.

இரண்டாவது, அந்த மாத்திரைப் பெட்டி. பதினான்கு மாதத்தை இங்கிருந்துதான் எண்ணுகிறேன்.

மூன்றாவது, அதற்கு ஆறு மாதம் கழித்து ஒரு தொலைபேசிப் பேச்சு. "கால் ரெண்டும் எரியுதுடி. ராத்திரி போர்வை பட்டாக்கூட எரியுது. சுகர்னா அப்படித்தானாம்" என்றார் அத்தை. தம்பி மகள் சொன்ன பதில்: "ஆமா அத்தை, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க." இதைச் சொன்னபோது தன் கடமையைச் செய்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு இந்த மூன்றாவது தருணம்தான் மிகவும் உறுத்துகிறது. முழு மௌனத்தைக்கூடப் பிறகு மனசாட்சி கேள்வி கேட்கும். இந்த மாதிரிப் பொத்தாம்பொதுவான பேச்சு அந்தக் கேள்வியையே அடைத்துவிடுகிறது. அத்தை காட்டத்தான் செய்தார். மருத்துவர் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரை நோயில் கால் எரிச்சல் என்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். அதற்கான மாத்திரை ஒன்று பெட்டியில் கூடிற்று.

நான்காவது தருணத்தில் தம்பி மகள் மறுபடி அத்தை வீட்டில் இருந்தார். காலையில் அத்தை முகம் கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய, சட்டென்று குழாயைப் பிடித்துக்கொண்டார். "இப்பல்லாம் கண்ண மூடுனா கீழ விழற மாதிரி இருக்கு, வயசாச்சு இல்ல" என்று சிரித்தபடி வெளியே வந்தார். வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றொரு செருப்பு நழுவியதே அவருக்குத் தெரியவில்லை.

கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நரம்புப் பாதை பழுதானால், கண்தான் அந்த வேலையைச் செய்யும். கண்ணை மூடினால் உடம்பு தள்ளாடும். நரம்பு மருத்துவர்கள் நோயாளியை நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வது இதற்காகத்தான். முதுகுத் தண்டின் பின்பகுதி பி12 இல்லாமல் தேயும்போது இது வரும். தம்பி மகளுக்கு இதுவும் தெரியும். அன்று மாலை எனக்குப் போன் செய்தார்.

"டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும்"

இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்பதற்கு அவர் மூன்று காரணம் சொன்னார். மூன்றுமே அடக்கமாகத் தோன்றும். மூன்றையும் சோதித்துப் பார்த்தோம்.

முதலாவது, மருத்துவருக்குத் தெரிந்திருக்கும் என்பது. தெரிந்திருக்கவில்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர் ஒமெப்ரசோல் எழுதவில்லை, அத்தை அதைச் சொல்லவும் இல்லை. ஃபோலிக் அமிலம் எந்தச் சீட்டிலும் கிடையாது. முட்டையும் பாலும் நின்றுபோனதை யாரும் கேட்கவில்லை, அத்தைக்கும் அது மருத்துவரிடம் சொல்கிற விஷயமாகத் தோன்றவில்லை. மருத்துவர் அஜாக்கிரதையானவர் இல்லை. அவர் கையில் கதையின் கால் பங்கு மட்டும்தான் இருந்தது. பெட்டியையும் தட்டையும் காலையும் சேர்த்துப் பார்த்தவர், சேர்த்துப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர், உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் வேறு யாருக்கோ தெரிந்திருக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

இது அந்தப் பெண்ணுக்கு மட்டும் உரிய பலவீனம் இல்லை. லட்டானே, டார்லி என்ற இருவர் 1968இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஓர் அறையில் புகை நுழைகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் போய்ச் சொன்னார்கள். மூன்று பேராக இருந்த குழுக்களில் 38 சதவீதத்தில்தான் யாராவது ஒருவர் எழுந்துபோனார். மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்ற நினைப்பு எல்லோரையும் ஒரே நேரத்தில் கட்டிப்போடுகிறது.

இரண்டாவது காரணம், நான் மருத்துவர் இல்லையே என்பது. உண்மை. நோயைக் கண்டறிந்து சொல்லவும், மருந்தை மாற்றவும், நிறுத்தவும் அவருக்கு உரிமை இல்லை. ஆனால் "இந்த மருந்தை நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வைட்டமின் குறையலாம், ரத்தத்தில் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்" என்பது மருத்துவம் செய்வது ஆகாது. முடிவு மருத்துவர் கையிலேயே இருக்கிறது. அவரிடம் போய்ச் சேராத தகவல் மட்டும் போய்ச் சேர்கிறது. படித்தவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, செய்யக்கூடாததைத் தவிர்ப்பதாக நினைத்துச் செய்யவேண்டியதையும் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது காரணத்தில்தான் நாங்கள் நெடுநேரம் நின்றோம். கேட்காமல் சொல்லக்கூடாது, கேட்காமல் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். நிறைகுடம் தளும்பாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது, பல சமயம் நல்லதும்கூட. எடை, தோற்றம், ருசி, யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பவற்றில் கேட்காமல் வாய் திறக்காதிருப்பதே மரியாதை. என் மாணவர்களுக்கும் அதையே சொல்வேன். ஆனால் இந்த விதிக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: தேவைப்பட்டால் அவர் கேட்பார் என்பது. அத்தை எதைக் கேட்பார்? கால் எரிச்சல் சர்க்கரையால் வருகிறது என்று அவருக்கு ஏற்கெனவே ஒரு பதில் கிடைத்துவிட்டது. பி12 என்று ஒன்று இருப்பதே தெரியாதவர், மெட்ஃபார்மின் அதைக் குறைக்குமா என்று எப்படிக் கேட்பார்? இருப்பதே தெரியாத ஒன்றைப் பற்றி ஒருவர் கேட்டால்தான் சொல்வேன் என்று காத்திருப்பது, ஒருபோதும் சொல்லமாட்டேன் என்பதற்குச் சமம்.

கெட்ட செய்தியைக் கொண்டுபோகத் தயங்குவதைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. சிட்னி ரோசன், ஆபிரகாம் டெஸ்ஸர் இருவரும் 1970இல் செய்தது. இன்னொருவருக்கு வீட்டிலிருந்து தகவல் வந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள், அது நல்ல செய்தி என்றால் முழுதாகச் சொன்னார்கள், கெட்ட செய்தி என்றால் "உங்களுக்குப் போன் வந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் போக்கு கூடுதலாக இருந்தது. "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க" என்ற வாக்கியம் இந்த வகையைச் சேர்ந்தது.

இவற்றோடு ஊட்டச்சத்துத் துறைக்கே உரிய ஒன்றும் சேர்கிறது. எங்கள் துறை தன் பேச்சை மாற்றியிருக்கிறது. உணவில் கொழுப்புப்பொருளான கொலஸ்ட்ரால் நாளைக்கு 300 மி.கி.யைத் தாண்டக்கூடாது என்று பல ஆண்டுகள் சொல்லிவந்த அமெரிக்க உணவு வழிகாட்டுதல், 2015–2020 பதிப்பில் அந்த எண்ணை எடுத்துவிட்டது. முட்டை கூடாது என்று கேட்டவர்கள், பிறகு முட்டை பரவாயில்லை என்றும் கேட்டார்கள். நன்றாகப் படித்தவர்களுக்கு இது ஒரு பணிவைக் கொடுக்கிறது, "இன்று நாம் சொல்வது நாளை மாறலாம்." நல்ல பணிவுதான். ஆனால் எல்லா அறிவும் ஒரே அளவு ஆட்டம் காண்பதில்லை. எந்த எண்ணெய் சிறந்தது என்பதில் சண்டை ஓயாது. பி12 இல்லாவிட்டால் நரம்பு கெடும் என்பதில் சண்டையே இல்லை. கல்லீரலை உண்ணக் கொடுத்து, அதுவரை ஆளைக் கொன்றுவந்த ஒரு ரத்தசோகையைக் குணப்படுத்தலாம் என்று மைனாட், மர்ஃபி இருவரும் காட்டியது 1926இல். விப்பிளோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு 1934இல். கல்லீரலில் இருந்த பொருள் பி12 என்று தனியே பிரித்தெடுத்தது 1948இல். இவ்வளவு காலம் உறுதியாக நின்ற ஓர் அறிவை, நேற்று வந்த உணவுப் பாணியைப் பற்றிப் பேசுகிற அதே தயக்கத்தோடு வைத்திருப்பது பணிவாகாது. எது எவ்வளவு உறுதி என்று தரம் பிரிக்கத் தெரிவதும் படிப்பின் பகுதிதான்.

சொன்ன விதம்

போனில் அவர் கேட்டது, "எப்படி ஆரம்பிக்கிறது மேடம்?" என்று. ஆலோசனை வேலையில் நாங்கள் பழகிக்கொள்கிற ஒரு வரிசை இருக்கிறது: முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேள், சொல்ல அனுமதி கேள், கொஞ்சமாகச் சொல், சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று திரும்பக் கேள். மதுப்பழக்கம் உள்ளவர்களிடம் பேசுவதற்காக 1980களில் வில்லியம் மில்லர் தொடங்கிவைத்த பேச்சுமுறையிலிருந்து வளர்ந்தது இது. இப்போது சர்க்கரை நோய், உணவு என்று பல இடத்தில் பயன்படுகிறது. அதையே வீட்டுப் பேச்சாக மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்த நாள் இருவரும் தனியாக இருந்தபோது பேசியிருக்கிறார்.

"அத்தை, கால் எரிச்சல் எதனாலன்னு டாக்டர் சொன்னாரு?"

"சுகர்னாலதான். வேற எதுக்கு?"

"இருக்கலாம். ஆனா உங்க மாத்திரை ஒண்ணப் பத்தி நான் படிச்சது ஒண்ணு இருக்கு. சொல்லட்டுமா?"

"சொல்லேன். இதுக்கெல்லாமா கேப்பாங்க?"

"சுகர் மாத்திரைய ரொம்ப வருஷம் சாப்பிட்டா உடம்புல பி12னு ஒரு வைட்டமின் குறையலாம். நீங்க முட்டை, பால் எல்லாம் விட்டுட்டீங்க, அதுலதான் அது இருக்கும். அது குறைஞ்சாலும் கால் எரியும், கண்ண மூடுனா தள்ளும். உங்களுக்கு அதுதான்னு நான் சொல்லல. ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும். டாக்டர்கிட்ட கேக்கலாமா?"

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாராம்:

"சுகர் மாத்திரைய நிறுத்தணுமா?"

"வேணாம் அத்தை. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. அது டாக்டர் சொல்லணும்."

"இத எப்ப படிச்சே நீ?"

"காலேஜ்லயே."

"அப்ப ஏண்டி இத்தன நாளா சொல்லல?"

"நீங்க தப்பா நெனச்சுக்குவீங்கன்னு..."

"நெனச்சிருப்பேன்தான். நேத்துப் பொறந்தது எனக்குச் சொல்ல வந்துடுச்சுன்னு ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். அதுக்காக?"

இந்தப் பதிலை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். தம்பி மகள் பயந்தது பொய்யில்லை. அத்தை தப்பாகத்தான் நினைத்திருப்பார், அதை அவரே ஒப்புக்கொள்கிறார். தயங்குகிறவர்களிடம் "யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், தைரியமாகச் சொல்" என்று தேற்றுவது அதனால் பயனில்லாத வேலை. சிலர் நினைக்கத்தான் செய்வார்கள். ஒரு பக்கம் இரண்டு நாள் முகச்சுளிப்பு, மறுபக்கம் பதினான்கு மாத நரம்புத் தேய்மானம். தம்பி மகளின் கணக்கில் முதலாவது மட்டுமே பதிவாகியிருந்தது, ஏனென்றால் அது அவர் மீது விழுவது. இரண்டாவது அத்தையின் மீது விழுவது. அது சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

பரிசோதனையும் பிறகும்

மருத்துவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்ல வேண்டாம், ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும் என்றேன். பெட்டியில் உள்ள எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, எத்தனை ஆண்டாக. எந்த உணவுகளை எப்போது விட்டார். எரிச்சல், தள்ளாட்டம், செருப்பு நழுவுவது, நாக்கு எரிவது. கடைசியில் ஒரே கேள்வி: பி12 பார்க்கலாமா? மருத்துவர் தாளைப் படித்துவிட்டு, "இந்த ஃபோலிக் ஆசிட் யார் குடுத்தது?" என்று மட்டும் கேட்டாராம். அன்றே ரத்தம் எடுக்கச் சொன்னார்.

பி12: ஒரு மி.லி.க்கு 128 பிக்கோகிராம். 200க்குக் கீழே போனால் பெரும்பாலான கூடங்களில் குறைபாடு என்றே எடுத்துக்கொள்வார்கள். ஹீமோகுளோபின் 11.8, கொஞ்சம்தான் குறைவு. சிவப்பணுக்களின் சராசரி அளவு 96 ஃபெம்டோலிட்டர், இயல்பு வரம்புக்குள். சாதாரண ரத்தப் பரிசோதனையை மட்டும் பார்த்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஃபோலிக் அமிலம் அந்த எச்சரிக்கையை அணைத்துவைத்திருந்தது என்றே கருத இடமிருக்கிறது.

1 மி.கி. பி12 ஊசி, முதலில் அடுத்தடுத்து, பிறகு இடைவெளி விட்டு. 5 மி.கி. ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் நிறுத்தினார். ஒமெப்ரசோல் இன்னும் தேவையா என்று ஆராய்ந்து அதையும் படிப்படியாகக் குறைத்தார். மெட்ஃபார்மின் தொடர்கிறது, சர்க்கரைக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பி12 பார்ப்பது என்று முடிவாயிற்று.

சில வாரங்களிலேயே நாக்கு எரிச்சல் போய்விட்டது, சோர்வும் குறைந்தது. கால் எரிச்சல் தணிய மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. முகம் கழுவும்போது தள்ளாட்டம் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. கால் பெருவிரலில் அதிர்வுக் கவையை (தட்டினால் அதிர்கிற உலோகக் கருவி) வைத்தால் இன்னமும் அதிர்வு தெரிவதில்லை. இதில் எவ்வளவு சர்க்கரை நோயால், எவ்வளவு பி12 குறைவால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மருத்துவரும் அப்படித்தான் சொன்னார். பி12 குறைபாட்டில் நரம்பு எவ்வளவு மீளும் என்பது, மருத்துவம் தொடங்குமுன் எத்தனை நாள் குறைபாடு நீடித்தது என்பதைப் பெரிதும் பொறுத்தது. அதை மட்டும் சொல்லிவிட்டு இந்தப் பகுதியை முடிக்கிறேன். தம்பி மகள் இதைப் படிக்கப்போகிறவர். அவருக்கு நான் தண்டனை எழுதவில்லை.

அந்த இன்னொருவர்

ஃபோலிக் அமிலத்தைச் சொன்ன அந்தத் தெரிந்தவரை இந்தக் கதையில் விட்டுவிட முடியாது. அவரும் ஊட்டச்சத்துத் தகவல் ஒன்றைப் பகிர்ந்தவர்தான். யாரும் கேட்கவில்லை, அவர் தயங்கவும் இல்லை. தனக்கு ரத்தசோகைக்குக் கொடுத்த மாத்திரை நன்றாகக் கேட்டது என்பதால், அத்தை சோர்ந்திருப்பதைப் பார்த்து அன்போடு சொல்லியிருக்கிறார். அந்த அன்பை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் நடந்ததைப் பாருங்கள்: அரைகுறையாகத் தெரிந்தவருடைய சொல் ஒரு மாலையில் அத்தையின் பெட்டிக்குள் போய்விட்டது, முழுதாகத் தெரிந்தவருடைய சொல் பதினான்கு மாதம் வெளியே நின்றது. உணவைப் பற்றிய பேச்சு எந்த வீட்டிலும் நின்றதில்லை. படித்தவர்கள் அடக்கம் கருதி ஒதுங்கினால் அந்த இடம் காலியாக இருக்கப்போவதில்லை.

அவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அதே மாத்திரையை வேறு சிலருக்கும் சிபாரிசு செய்துகொண்டிருந்தார். தம்பி மகள் தானே போய்ப் பேசத் தயாராகத்தான் இருந்தார். அத்தை, "நீ இரு, நான் சொல்றேன். நான் சொன்னா கேப்பா" என்றார். ரத்தப் பரிசோதனைத் தாளையே எடுத்துக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர் ஐம்பதைத் தாண்டியவர், அவருக்கும் சர்க்கரை, அவரும் மெட்ஃபார்மின்தான். அடுத்த முறை தன் மருத்துவரிடம் போகும்போது கேட்பதற்காக, மாத்திரைகளை எழுதிய தாள் ஒன்று இப்போது அவரிடமும் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் தம்பி மகள்.